தோளில் போன தண்டவாளம்

ஃபிஜி நாட்டின் ரக்கிரக்கியில் இப்போது கரும்பு ரயில் இஞ்சின் எதுவும் ஓடவில்லை என்று தெரிந்துதான் போனேன். சர்க்கரை ஆலை மூடி ஆறு வருஷம் கழித்துப் போகிறவனுக்கு எந்த இஞ்சின் காத்திருக்கப் போகிறது? மிஞ்சிக் கிடக்கும் தண்டவாளத்தையாவது படம் எடுத்துக்கொண்டு வரலாம் என்று ஒரு நப்பாசை. நீள லென்ஸ் ஒன்று, அகல லென்ஸ் ஒன்று, முக்காலி, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் பை, மூன்று நாள் லீவு.

வேலை நிமித்தம் தலைநகர் சுவாவில் இருந்த வருஷங்களில், வாரக்கடைசி வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கரும்பு ரயில் தேடிப் போய்விடுவேன். வீட்டில் இதைப் பைத்தியம் என்று யாரும் திட்டியதில்லை. "சரி, போய்ட்டு வாங்க" என்று ஒரு குரலில் சொல்வாள் மனைவி. அதற்குத் திட்டே தேவலை.

ஃபிஜியின் கரும்பு ரயிலுக்குத் தடத்தின் அகலம் இரண்டடி, அதாவது 610 மில்லிமீட்டர். கையை விரித்து அளந்தால் மூன்று சாணுக்குக் கொஞ்சம் குறையும். முதல் தடவை பார்க்கிற யாருக்கும் இது பொருட்காட்சி ரயில் என்றுதான் தோன்றும். ஆனால் இந்த மூன்று சாண் தடத்தின் மேல்தான் நூறு வருஷத்துக்கு மேல் இந்த நாட்டின் பிழைப்பு ஓடியது. லௌடோகாவில் அரவைக் காலத்தில் போய் நின்றால் இதை நேரிலேயே பார்க்கலாம். ஊரின் முக்கிய வீதியில், வரிசையாக நிற்கும் ராஜ பனைகளுக்கு நடுவே, டீசல் இஞ்சின் ஒன்று 'ட்ரக்' என்று சொல்கிற கரும்புப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஆள் நடக்கிற வேகத்தில் வரும். கார்களெல்லாம் நின்று வழிவிடும். அங்கே நான் எடுத்த படங்கள் பார்க்க நன்றாகவே இருக்கும். பனை, நீல வானம், பச்சைக் கரும்பு, இஞ்சின். காலண்டர் கம்பெனிக்காரர்கள் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள். எனக்குத்தான் அவற்றைத் திரும்பப் பார்க்க அலுப்பாக இருந்தது. ஓடுகிற ரயில் தன்னைத்தானே படம் பிடித்துக்கொள்ளும். நாம் பொத்தானை அழுத்துவதோடு சரி. ஓய்ந்துபோன ஒன்றை எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வந்தது.

சுவாவிலிருந்து கிங்ஸ் ரோடு வழியாக ரக்கிரக்கிக்கு பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதலில் நௌசோரி வரும். அங்கேயும் ஒரு சர்க்கரை ஆலை இருந்தது. 1882-இல் தொடங்கி 1959-இல் மூடினார்கள். தீவின் அந்தப் பக்கம் மழை அதிகம். கரும்பு செழிப்பாக வளரும், ஆனால் தண்ணீர் ஏறிய கரும்பில் சர்க்கரை சேராது. கரும்புக்கு வளர ஈரமும் முதிரக் காய்ச்சலும் வேண்டும். நௌசோரியைத் தாண்டி மலை ஏறி இறங்கினால் பச்சை மெல்ல வெளிறிக்கொண்டே வரும். சாலையோரத்தில் முதல் கரும்புத் தோகை கண்ணில் பட்டதும் ரக்கிரக்கி இருக்கிற ரா மாகாணம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊர்ப்பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபிஜி மொழியை ஆங்கில எழுத்தில் எழுத ஏற்பாடு செய்த பாதிரிமார்கள் 'ண்ட' என்ற ஒலிக்கு ஓர் எழுத்து, 'ம்ப' என்ற ஒலிக்கு ஓர் எழுத்து, 'ங்' என்பதற்கு ஓர் எழுத்து என்று சிக்கனமாக வைத்துவிட்டார்கள். அதனால் பலகையில் 'நாடி' என்று இருக்கும் ஊர் உண்மையில் நாண்டி. 'பா' என்று இருப்பது ம்பா. 'சிகடோகா' சிங்கடோகா. வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் இதில் தடுமாறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். மெல்லினமும் அதன் இன வல்லினமும் கைகோத்துக்கொண்டு வருவது நமக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த விஷயத்தில் தமிழன் ஃபிஜிக்காரனாகப் பாதி பிறந்துவிட்டான். ரக்கிரக்கியில் மட்டும் இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது, எழுதியபடியே படிக்கலாம்.

அங்கிருந்த ஆலையின் பெயர் பினாங். ஃபிஜியின் ஆலைகளில் இது சின்னது. 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கியது, 1926-இல் சி.எஸ்.ஆர். என்கிற ஆஸ்திரேலிய சர்க்கரைக் கம்பெனியின் கைக்கு வந்தது. கம்பெனி 1973-இல் நாட்டை விட்டுப் போனபோது அரசு நிறுவனமான ஃபிஜி சர்க்கரைக் கழகம் எல்லா ஆலைகளையும் ஏற்றுக்கொண்டது. அதே 1926-இல்தான் நாண்டியில் சாது குப்புசுவாமி என்பவர் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தை ஆரம்பித்தார். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் ரக்கிரக்கியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால், ஒரு பக்கம் ஓய்ந்த ஆலையும் இன்னொரு பக்கம் 'பினாங் சங்கம்' என்று பெயர் வைத்த பள்ளிக்கூடமும் கண்ணில் படும்போது, ஏதோ இருக்கிறது என்று மனசு முடிச்சுப் போடத்தான் பார்க்கிறது.

2016 பிப்ரவரி 20, சனிக்கிழமை. வின்ஸ்டன் புயல் ஃபிஜியின் பெரிய தீவான வீட்டி லெவுவில் கரையேறியது ரக்கிரக்கிப் பக்கம்தான். காற்றின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர். நாடு முழுக்க 44 பேர் இறந்தார்கள். பினாங் ஆலை பலமாக அடிவாங்கியது. செப்பனிட்டுத் திறப்பதா, விட்டுவிடுவதா என்று கொஞ்ச காலம் பேச்சு நடந்தது. திறக்கவில்லை. அந்த வட்டாரத்துக் கரும்பு அதன் பிறகு லாரியில் ஏறி ம்பாவில் இருக்கிற ராராவை ஆலைக்குப் போகத் தொடங்கியது.

புயல் மேல் மட்டும் பழி போடுவது சுலபம். 1990-களின் நடுவில் நாடு முழுக்க ஒரு பருவத்தில் 40 லட்சம் டன் கரும்பு விளைந்தது. அதில் பாதிகூட இப்போது இல்லை. 30 வருஷக் குத்தகைகள் 1997 முதல் ஒவ்வொன்றாக முடிந்தன. நிலம் சொந்தக்காரர்களான இதௌகேய் என்கிற பூர்வகுடிக் குலங்களிடம் திரும்பிப் போனது. குத்தகை புதுப்பிக்கப்படாதவர்கள் வீட்டைப் பிரித்துக்கொண்டு நகரத்துக்குப் போனார்கள். 1987, 2000 ஆட்சிக் கவிழ்ப்புகளுக்குப் பிறகு ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் விமானம் ஏறியவர்கள் இன்னொரு கூட்டம். ஐரோப்பா கொடுத்து வந்த சலுகை விலையும் குறைந்தது. ரயில் கொண்டுபோன கரும்பில் பெரும்பங்கை லாரிகள் எப்போதோ பறித்துக்கொண்டிருந்தன. புயல் வந்தபோது ஆலையும் ரயிலும் ஏற்கெனவே மூச்சிரைத்துக்கொண்டுதான் இருந்தன.

முதல் நாள் எனக்குப் பெரிதாக ஒன்றும் கிட்டவில்லை. கைவிட்ட தடத்தைக் கண்டுபிடிக்க ஒரு கண் பழக்கம் வேண்டும். தண்டவாளத்தைத் தேடினால் கிடைக்காது, மேட்டைத் தேட வேண்டும். வயல் ஏறி இறங்கும்போது ரயில் மட்டும் ஏறி இறங்காது. மெல்லத்தான் ஏறும், மெல்லத்தான் திரும்பும். வாய்க்கால் நேராகத் திரும்புகிற இடத்தில் ஒரு வரப்பு மட்டும் வில்லாக வளைந்து போனால் அது வரப்பாக இருக்காது. அப்படி ஒரு வளைவைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். புல் இடுப்பளவு. கீரிப்பிள்ளை ஒன்று குறுக்கே ஓடியது. கரும்பு தின்கிற எலிகளை ஒழிக்க 1883-இல் கொண்டுவந்து விட்டார்களாம். எலி இன்னும் இருக்கிறது, கீரியும் இருக்கிறது, உள்ளூர்ப் பறவைகள்தான் குறைந்தன.

அரை மணி நேரம் நடந்ததும் ஓடையின் மேல் சின்ன இரும்புப் பாலம் தெரிந்தது. இதற்காகத்தானே வந்தோம் என்று வேகமாகப் போய் முக்காலியை நட்டேன். கேமரா அதுவரை பையில், விடுதி ஏ.சி.யின் குளிரோடு இருந்திருக்கிறது. வெளியே எடுத்ததும் லென்ஸ் முழுக்கப் பனி மூடிவிட்டது. துடைக்கத் துடைக்க மூடுகிறது. அந்த நேரம் பார்த்து, தலையில் துணி மூட்டையோடு ஒரு அம்மாள் பாலத்தின் மேல், கட்டை விட்டுக் கட்டை தாண்டி, கீழே பார்க்காமலேயே நடந்து போனார். அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. பாலில் விழுந்த ஈ மாதிரி ஒரு நிழல். வெப்பநாட்டில் இத்தனை வருஷம் கேமரா தூக்கியவன் பையை அரை மணி முன்பே திறந்து வைக்க மறந்தான் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

லென்ஸ் தெளிந்த பிறகு எடுத்த முப்பது நாற்பது படங்களில் துரு இருந்தது, புல் இருந்தது, சாய்ந்த வெயில் இருந்தது. கைவிட்ட ரயில் என்று தேடினால் உலகத்தில் எந்த ஊரிலிருந்தும் இந்தப் படம்தான் வரும். ரக்கிரக்கி என்று எதிலும் எழுதியிருக்கவில்லை.

இரண்டாம் நாள் காலையில், மேட்டுத் தடம் ஒரு வீட்டின் கொல்லைப்புறத்தில் போய் மறைந்தது. அடுத்தவர் நிலம், கேட்காமல் நுழையக் கூடாது. முன்பக்கம் சுற்றி வந்து கூப்பிட்டேன். எண்பதை ஒட்டிய பெரியவர் ஒருவர் வந்தார். மேலே பனியன், கீழே அரைக்கால் சட்டை, கையில் கத்தி, பப்பாளி இலைக்காம்பைச் சீவிக்கொண்டிருந்தார். அரைகுறை ஃபிஜி ஹிந்தியில் ரயில் தடம் பார்க்க வந்ததைச் சொன்னேன். "எந்த ஊர்?" என்றார். சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "தண்ணி குடிக்கிறியா?" என்று தமிழில் கேட்டார். அவரிடம் மிச்சம் இருந்த தமிழில் பெரும்பகுதி சாப்பாடு, தண்ணி, சாமி, உறவுமுறை இவ்வளவுதான். மற்றதெல்லாம் ஹிந்தி. நான் 'தாத்தா' என்று கூப்பிட்டேன். அவர் என்னைக் கடைசிவரை 'பேட்டா' என்றுதான் கூப்பிட்டார். கீழே அவர் சொல்வதாக வருவது எல்லாம் என் தமிழ்.

அவருடைய தாத்தா சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர். கரும்புக் கூலிகளோடு ஃபிஜிக்கு முதல் கப்பல் 1879-இல் வந்தது கல்கத்தாவிலிருந்து. சென்னையிலிருந்து ஆள் ஏற்றத் தொடங்கியது 1903-இல். 1916 வரை வந்த 60,000-க்கு மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகளில் சுமார் 15,000 பேர் தெற்கிலிருந்து வந்தவர்கள். ஒப்பந்தத்தின் ஆங்கிலச் சொல்லை நாக்கு வளைத்து 'கிர்மிட்' என்றார்கள், ஐந்து வருஷம். ஆணுக்கு நாளைக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ், அதுவும் கொடுத்த வேலை முழுசாக முடிந்தால்தான். பெரியவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். சுவா ஆவணக் காப்பகத்தில் மகள் எடுத்துக்கொடுத்த குடிபெயர்வுச் சீட்டின் ஜெராக்ஸ். பெயர், தகப்பன் பெயர், ஜாதி, வயது, ஜில்லா வட ஆற்காடு. உடல் அடையாளம் என்ற கட்டத்தில் இடது முழங்காலில் தழும்பு. "தாத்தா முகம் எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா முழங்கால்ல தழும்பு இருந்தது தெரியும்" என்றார்.

ரயில் படம் எடுக்கத்தான் வந்தேன் என்பதை மறுபடி ஞாபகப்படுத்தினேன். அவர் கொல்லைக்கு அழைத்துப் போனார். அங்கே பெரிய தடம் எதுவும் இல்லை, அதை எப்போதோ கழற்றியிருந்தார்கள். "ரயில் இது" என்று அவர் காட்டியது மாட்டுப் பட்டியின் கதவை.

முதலில் எனக்கு அது ஏணி என்றுதான் பட்டது. பதினைந்தடிக்குச் சற்றுக் கூடுதலான இரண்டு ஒல்லித் தண்டவாளங்கள். நடுவில் மடித்து அழுத்திய இரும்புத் தகட்டில் குறுக்குக் கட்டைகள், ரிவெட் அடித்து ஒட்டியிருந்தன. ஒரு முனையில் மட்டும் இரண்டு பக்கமும் தகடு நீட்டிக்கொண்டு நின்றது; அடுத்த துண்டின் முனை அதற்குள் போய் உட்கார வேண்டும். அந்தத் தகட்டின் உள்பக்கம், உரசி உரசி, வேறு எங்கும் இல்லாத ஒரு வழவழப்பு. விரலை வைத்தால் கண்ணாடி மாதிரி. ஓரத்தில் படுக்கவைத்து, ஒரு முனையைக் கம்பத்தோடு சங்கிலியால் கட்டி, இன்னொரு முனையை நகர்த்தித் திறக்கிற மாதிரி செய்திருந்தார். மாடு தலையை நுழைக்கக்கூடிய இடைவெளிகளில் முள்கம்பி சுற்றியிருந்தது.

"போர்ட்டபிள் லைன்" என்றார்.

படித்திருக்கிறேன். பெரிய தடம் வயலுக்குள் வராது, வயல் ஓரத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து கரும்பு நிற்கிற இடம் வரைக்கும் இந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு போவார்கள். அதன் மேல் வெறும் ட்ரக்கைத் தள்ளிக்கொண்டு வந்து, வெட்டிய கரும்பைக் கையால் அடுக்கி, சங்கிலி போட்டு இறுக்கி, மாடு பூட்டியோ ஆள் தள்ளியோ பெரிய தடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். லோகோ, அதாவது இஞ்சின், வந்து நிரம்பியதை எடுத்துக்கொண்டு காலியை விட்டுப் போகும். அந்த வயல் முடிந்ததும் துண்டுகளைக் கழற்றி அடுத்த வயல். எந்தத் தொழில்நுட்பப் புத்தகத்திலும் இது இரண்டு வரி. எனக்கும் இரண்டு வரியாகவே இருந்தது, பெரியவர் பேசத் தொடங்கும் வரை.

"காலையில லோகோ வர்றதுக்கு முன்னாடி லைன் போட்டிருக்கணும். இருட்டுல போடணும். நாலு பேர் தூக்குவோம், ஆள் கம்மின்னா ரெண்டு பேர். வெயில் ஏறிட்டா இரும்பைத் தொட முடியாது, அதுக்கும் சாக்கு. மழை பேஞ்ச நிலத்துல லைன் அமுங்கிடும். ட்ரக்கு சாஞ்சிடும். கட்டையக் குடுத்து நெம்பி ஏத்தணும். நெம்பும்போது கால் யாரோடது எங்க இருக்குன்னு பாக்கணும்."

அவர் பதினாறு வயதில் வெட்டுக்குப் போனவர். கிர்மிட் 1920-லேயே ஒழிந்துவிட்டது. கம்பெனி நிலத்தைப் பத்துப் பத்து ஏக்கராகப் பிரித்துக் குடியானவர்களுக்குக் குத்தகைக்கு விட்ட பிறகு, வெட்டு என்பது பக்கத்து வயல்காரர்கள் எல்லாம் சேர்ந்த 'கேங்'கின் பொறுப்பு. கேங்குக்குத் தலைவராக ஒரு சர்தார். யார் வயலை எந்த வாரம் வெட்டுவது, யாருக்கு எத்தனை ட்ரக் என்பதெல்லாம் அங்கே முடிவாகும். எல்லாச் சண்டையும் அங்கேதான் வரும். வெட்டிய கரும்பு வயலில் கிடக்கக் கிடக்க சர்க்கரை இறங்கும், எடையும் இறங்கும். காலி ட்ரக் வரத் தாமதமானால் நஷ்டம் வெட்டினவனுக்கு. அதனால் ஒருவன் வயலில் போட்ட போர்ட்டபிள் லைனை இன்னொரு கேங் ராத்திரியோடு ராத்திரியாகக் கழற்றிக்கொண்டு போன கதைகளும் உண்டாம். "அவங்க தூக்கிட்டுப் போனா நாங்க சும்மா இருப்போமா" என்று சிரித்தார். இந்தக் கதவு எந்தக் கணக்கில் வந்தது என்று நான் கேட்கவில்லை.

ஓவர்சியருக்கு அந்தக் காலத்துப் பெயர் கூலம்பர். 'கால் நம்பர்', அதாவது நம்பரைக் கூப்பிடு, என்று ஆங்கிலத்தில் ஆளெடுக்கக் கத்துவார்களாம், அதிலிருந்து வந்தது என்பார்கள். பெரியவரின் தாத்தா காலத்தில் கூலம்பர் குதிரையில் வருவார். இவர் காலத்தில் வண்டியில் வந்து, வரப்பில் நின்றபடி லைன் நேராக இருக்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பாராம். வளைந்திருந்தால் ட்ரக் தடம் புரளும். பிரித்துத் திரும்பப் போட வேண்டும்.

அங்கே நின்றுகொண்டு எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. சி.எஸ்.ஆர். ரயிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒரு நிமிஷத்தில் ஒப்பித்துவிடுவேன். லீட்ஸ் நகரத்து ஹட்ஸ்வெல் கிளார்க் கம்பெனி செய்த ஆறு சக்கர நீராவி இஞ்சின்கள். 1950-களிலிருந்து அவற்றின் இடத்தைப் பிடித்த ஆஸ்திரேலிய கிளைட் டீசல்கள். 1912-இல் லௌடோகா ஆலைக்காகச் செய்த நீராவி இஞ்சின் ஒன்று, 'ஃபிஜி' என்ற பெயரோடு இங்கிலாந்தின் ஸ்டாட்ஃபோல்டில் புதுப் பெயின்ட் அடித்துப் புகைவிட்டு ஓடியிருக்கிறது. அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. நான் சேர்த்து வைத்திருந்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்களிலும் இஞ்சின் பளிச்சென்று நடுவில் நிற்கும், தொப்பி வைத்த ஒருவர் பக்கத்தில் நிற்பார். போர்ட்டபிள் லைனைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களின் படம் என் தொகுப்பில் ஒன்றுகூட இல்லை. இருட்டில் போட்டு, வேலை முடிந்ததும் எடுத்துவிடுகிற தடத்தை எந்தக் கேமரா எப்போது பார்த்திருக்கும்? வரைபடத்திலும் அது கிடையாது. நேற்று ஒரு நாள் முழுக்க மேட்டைத் தேடி அலைந்தேனே, அந்த மேடுகூட இதற்கு இல்லை. பெரிய தடத்தில் கரும்பு எத்தனை மைல் போனாலும் இழுத்தது இஞ்சின். முதல் நூறு இருநூறு கஜத்துக்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. அந்த இருநூறு கஜத் தண்டவாளம் தரையில் கிடந்த நேரத்தைவிடத் தோளில் போன நேரம் அதிகமோ என்னவோ.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எனக்கு வேறொரு ரயில் தெரிய ஆரம்பித்தது. பெரியவர் கூடவே நடந்து வந்து காட்டினார். வாய்க்கால் மேல் போட்ட நடைபாலம், போர்ட்டபிள் லைன். துணி காயப்போடுகிற கம்பிக்கு இரண்டு பக்கமும் நட்ட கம்பம், தண்டவாளம். கோழிக்கூண்டின் உத்திரம், தண்டவாளம். ஒரு வீட்டில் கல்யாணச் சமையலுக்குப் பெரிய சட்டி வைக்கிற அடுப்பின் குறுக்கே இரண்டு துண்டு. ஒரு மெக்கானிக் பட்டறையில் அடித்து நிமிர்த்துவதற்குப் பட்டடைக்கல்லாக ஒன்றரையடித் துண்டு. மேல்பக்கம் தட்டித் தட்டிக் காளான் மாதிரி விரிந்திருந்தது. எல்லாவற்றையும் எடுத்தேன். முக்காலி தேவைப்படவில்லை. வீட்டுக்காரர்கள் அடுப்பைப் படம் எடுக்கிறானே என்று பார்த்தார்கள், சிரித்தார்கள், ஒரு வீட்டில் எலுமிச்சை இலை போட்ட டீ கொடுத்தார்கள்.

மத்தியானம் பெரியவர் வீட்டுத் திண்ணையில் க்ரோக் கரைத்தார்கள். யங்கோனா வேரை இடித்துத் தண்ணீரில் பிசைந்த கலங்கல்தான் க்ரோக். தேங்காய்ச் சிரட்டையில் வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கை தட்ட வேண்டும். நாக்கு மரத்துப்போகும். பக்கத்து வீட்டிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள், பேச்சு இலவச ரயிலுக்குப் போனது. கம்பெனி தன் தடத்தைப் போட அரசோடு செய்துகொண்ட ஏற்பாட்டில், பொதுஜனத்துக்கு டிக்கெட் இல்லாமல் ரயில் விட வேண்டும் என்பதும் ஒன்று. ம்பாவின் ராராவை ஆலையிலிருந்து லௌடோகா, நாண்டி வழியாக சிங்கடோகாப் பக்கம் வரைக்கும் அது ஓடியது, 1970-களின் தொடக்கம் வரை. மேலே கூரை, பக்கம் திறப்பு, மரபெஞ்சு. ம்பாவில் அம்மா வழிச் சொந்தம் இருந்ததால் பெரியவர் சின்ன வயதில் அதில் போயிருக்கிறார். நாண்டி முருகன் கோயிலுக்கு. ஏற்றத்தில் ரயில் திணறும்போது பையன்கள் குதித்து இறங்கி, கரும்பு ஒடித்துக்கொண்டு, திரும்ப ஓடி ஏறிக்கொள்வார்களாம். "காசு வாங்காத ரயில், அதனால யாரும் அவசரப்பட மாட்டாங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அந்தத் தடத்தின் சிங்கடோகா முனையில் இப்போது சுற்றுலாப் பயணிகள் மிதிவண்டி மாதிரி ஒன்றைத் தண்டவாளத்தின் மேல் ஓட்டிக்கொண்டு கடற்கரை பார்க்கிறார்கள். அதற்கு டிக்கெட் உண்டு.

வின்ஸ்டன் ராத்திரியைப் பற்றியும் பேச்சு வந்தது. கூரைத் தகரம் ஒன்றொன்றாகப் பிய்ந்து போகிற சத்தத்தை ஒருவர் வாயாலேயே செய்து காட்டினார். அதில் யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் குடும்பம் கட்டிலுக்கு அடியில் கிடந்திருக்கிறது. விடிந்து பார்த்தால் கூரை இல்லை, சமையலறை இல்லை, மாமரம் வேரோடு கிடக்கிறது. பட்டிக் கதவு மட்டும் கட்டின இடத்தில் அப்படியே இருந்தது. மாடு? "மாட்டை முந்தின நாளே அவுத்து விட்டுட்டேன். கட்டி வச்சா செத்துடும்." மூன்றாம் நாள் அது தானாகவே வந்து சாத்தின கதவுக்கு வெளியே நின்றதாம்.

வெயில் சாய்ந்ததும் கிளம்ப வேண்டும். ஒரே ஒரு படம் மட்டும் பாக்கி. பேச்சுக்கு நடுவில் பெரியவர் பனியனை ஒதுக்கி வலது தோளைக் காட்டியிருந்தார். கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, தோல் தடித்து, சுற்றியிருக்கிற நிறத்தைவிடக் கறுத்து, காய்ப்பு. வெட்டை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் போகவில்லை. அந்தத் தோளும் பின்னால் அந்தக் கதவும். மஞ்சள் வெயில் பக்கவாட்டில் விழுகிறது. மனசுக்குள் படத்தை முடித்தே வைத்துவிட்டேன், தலைப்பு உட்பட.

"தாத்தா, கதவுகிட்ட நில்லுங்க, ஒரு படம்" என்றேன்.

"இரு" என்று உள்ளே போனார்.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். வெயில் இறங்கிக்கொண்டே இருந்தது. நான் ஷட்டர் வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்தபோது தலைக்குத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தார். நெற்றியில் விபூதி. நீலத்தில் பெரிய பெரிய வெள்ளைச் செம்பருத்தி பூத்த புலா சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாமல், கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தார். கீழே முழுக்கால் சட்டை, ஷூ. தோள் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

சட்டையைக் கொஞ்சம் ஒதுக்குங்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அவர் கதவின் மேல் கையை வைக்காமல், அதிலிருந்து அரை அடி தள்ளி, பாஸ்போர்ட்டுக்கு நிற்கிற மாதிரி விறைப்பாக நின்றார். இரண்டு படம் எடுத்தேன். ஒன்றில் கண்ணை மூடிவிட்டார்.

சுவா திரும்பியதும் பிரின்ட் போட்டு அனுப்பினேன். மகளிடமிருந்து போன் வந்தது. அப்பாவுக்குப் படம் ரொம்பப் பிடித்திருக்கிறதாம், சாமி அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டப் போகிறாராம். ஒரே ஒரு உதவி வேண்டுமாம்: பின்னால் தெரிகிற அந்தத் துருப்பிடித்த இரும்பை எடுத்துவிட்டு இன்னொரு காப்பி போட்டுத் தர முடியுமா என்று கேட்கச் சொன்னாராம்.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து, கதவைத் துண்டு துண்டாக அழித்து, அந்த இடத்தில் கரும்புப் பச்சையை நிரப்பி அனுப்பிவைத்தேன்.